காரங்காட்டுக் கழிமுகத்தில் ஒரு சனிக்கிழமை

31 ஜனவரி 2025, வெள்ளி இரவு

தை அமாவாசைக் கூட்டம் ஒருவழியாக வடிந்துவிட்டது. தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்த வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாகக் கிடக்கிறது. நாளைக்கு அப்பாவை எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டுக்கு, அலையாத்திக் காட்டைப் பார்க்க அழைத்துப் போகிறேன். படகுக்கார அண்ணனிடம் போனில் பேசியாகிவிட்டது. “வெள்ளனவே வந்துருங்க தங்கச்சி. தண்ணி வத்திக் கிடக்கும்போதுதான் வேரெல்லாம் தெரியும். பத்து மணிக்கு மேல ஏத்தம் வந்துரும்” என்றார்.

இங்கே பாக் விரிகுடாவில் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் அமாவாசையை ஒட்டிய நாட்களில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடும். இங்கே தரை அவ்வளவு சமம் என்பதால், ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே பெரிய சேற்றுப் பரப்பு வெளியே வந்துவிடும்.

1 பிப்ரவரி, சனி

ஏழு மணிக்கெல்லாம் காரங்காடு. செங்கோல் மாதா கோயிலைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறினோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. அண்ணன் தண்ணீரில் இறங்கி நின்று தோளைக் கொடுத்தார். “பையப் பைய ஏறுங்க ஐயா, நமக்கு என்ன அவசரம்?”

கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடம் இது. மழையை நம்பிய ஆறு. ஆர்.எஸ். மங்கலம் பக்கம் இதை வெறும் மணலாகப் பார்த்தே அப்பாவுக்குப் பழக்கம். கரை நிறையத் தண்ணீரும் இரண்டு பக்கமும் பச்சைக் காடுமாகப் பார்த்ததும் நெடுநேரம் பேசவே இல்லை. அப்புறம், ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெயர் வாங்கிய அந்த ஊர்க் கண்மாயைப் பற்றி ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து மழைத் தண்ணீர் வயலெல்லாம் பாய்ந்து, மிச்சம் இங்கேதானே வந்து சேர்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

பெரிய வாய்க்காலில் கொஞ்ச தூரம் மோட்டாரில் போனோம். கிளை வாய்க்காலுக்குள் திரும்பியதும் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றினார். அதுவரை கேட்காமல் இருந்ததெல்லாம் அப்போதுதான் கேட்டது. சேற்றில் குமிழி உடையும் சத்தம், மீன்கொத்தியின் கத்தல், எங்கோ மடவை மீன் துள்ளி விழும் சளப்.

இங்கே பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள்தான். அடிமரத்தைச் சுற்றி விரல் பருமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேல்நோக்கி நிற்கின்றன. அந்தச் சேற்றுக்குள் காற்றே கிடையாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் மரம் இந்த வேர்கள் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஒரு கிளை படகுக்குள்ளேயே நீட்டிக்கொண்டு வந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். தண்ணீரோடு உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும் மரம் இது. வெயில் பட்ட இடத்தில் அது பொடிப்பொடியாகக் காய்ந்து மின்னியது. அப்பா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “நல்ல உப்பும்மா.”

சேற்று மேட்டில் நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது. அதைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது. பெட்டையைக் கூப்பிடவும் அதுதான், பக்கத்து ஆணை மிரட்டவும் அதுதான். படகின் நிழல் விழுந்த மாத்திரத்தில் மேடே காலியாகிவிட்டது. அண்ணன் கழியை எடுக்காமல் அப்படியே நின்றார். நாங்களும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வளையை விட்டு வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தன. மோட்டாரில் பறக்கிற படகிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது.

ஏற்றம் வரத் தொடங்கியதும் முகத்துவாரத்துக்கு வந்தோம். இந்தப் பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்று சொல்வது சும்மா இல்லை, அலையே இல்லாமல் அவ்வளவு சாது. தண்ணீர் தெளிந்த இடத்தில் குனிந்து பார்த்தால் அடியில் கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது. இந்தப் புல்லைத் தின்றுதான் கடல் பசு வாழ்கிறது. இங்குள்ளவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். “எங்க அப்பன் காலத்துல கறிக்குப் பிடிச்சாங்க. இப்ப வலையில மாட்டுனா வலையை அறுத்தாவது விட்டுர்றோம்” என்றார் அண்ணன். இதே பாக் விரிகுடாவின் வடக்குப் பகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுவுக்கான பாதுகாப்பகமாக 2022இல் அரசு அறிவித்தது. வலையை அறுத்தால் நஷ்டம் மீனவருக்குத்தான். அதையும் தாங்கிக்கொண்டு உயிரோடு விடுகிறவர்களுக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

மதியம் கரையில் ஊர்ப் பெண்கள் சமைத்துப் போட்ட சாப்பாடு. இறால் தொக்கும் நண்டுக் குழம்பும். நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் அந்த வேர்களுக்குள் ஒளிந்துதான் வளர்கின்றன என்று பரிமாறிய அக்கா சொன்னார். காடு இருந்தால்தான் இலையில் இதெல்லாம் விழும்.

3 பிப்ரவரி, திங்கள்

நல்ல செய்தி. எங்கள் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே சேர்ந்துவிட்டன. வறண்ட மாவட்டம் என்றே எல்லோரும் சொல்லும் ஊருக்கு எத்தனை நீர்நிலைகள்!

காரங்காடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காலையிலேயே போங்கள், வற்றம் எப்போது என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கிளை வாய்க்காலுக்குள் கழி ஊன்றிப் போகச் சொல்லிக் கேளுங்கள். நேரம் கூடும்தான். அந்தக் கூடுதல் நேரத்துக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

அப்பா இன்று காலையிலிருந்தே தேர்த்தங்கல் பேச்சைத்தான் எடுக்கிறார். வெயில் ஏறி கண்மாய் வற்றுவதற்குள் கூழைக்கடாக்களைப் பார்த்துவிட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று.