இரவு உணவு எட்டு மணிக்கு

2025 ஜூன் 2, திங்கள்

வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஐவரும் ஐந்து நேரங்களில் உண்டு வந்தோம். அலுவலகம், தனிப்பயிற்சி வகுப்பு, அத்தையின் மருந்து நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்ததால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இன்று முதல் இரவு உணவை மட்டும் எட்டு மணிக்கு எல்லோரும் சேர்ந்து உண்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மூன்று வேளைக்கும் ஆசைப்பட்டால் ஒரு வேளையும் நிலைக்காது. 2011-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வாரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ குடும்பத்தோடு உண்ணும் பிள்ளைகளிடம் நல்ல உணவுப் பழக்கம் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொல்கிறது. ஆகவே இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பதற வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

கைப்பேசிகள் அடுத்த அறைக்குப் போயின. பெரியவர்களுடையவையும் சேர்த்துத்தான், பிள்ளைகளுக்கு மட்டும் விதித்த விதி இரண்டாம் நாளே செத்துப்போகும். அவசர அழைப்பு வந்தால் காதில் விழும்படி ஒலியை மட்டும் கூட்டி வைத்திருக்கிறோம். இதுவரை விழுந்தவை எல்லாம் விளம்பர அழைப்புகளே.

ஜூன் 14, சனி

சேர்ந்து உட்கார்வது எளிது. உட்கார்ந்த பிறகு என்ன பேசுவது என்பதுதான் கடினம். எல்லோரும் ஒரே இடத்தில் அகப்படும் நேரம் என்பதாலேயே, பகல் முழுவதும் தேங்கிய விசாரணைகள் அனைத்தும் அந்த அரை மணி நேரத்தில் வந்து குவிகின்றன. மதிப்பெண் எவ்வளவு, வீட்டுப்பாடம் முடிந்ததா, ஏன் இன்னும் கட்டணம் செலுத்தவில்லை என்று கேள்விகள் வரும்போது, பதில் சொல்ல வேண்டியவர் விரைவாக உண்டு எழுந்துவிடவே விரும்புவார். மகன் ஐந்து நிமிடத்தில் எழுந்து போவதற்குப் பசியின்மை காரணமில்லை. எனவே மதிப்பெண்ணும் பணமும் புகாரும் உண்ணும் இடத்துக்கு வரக்கூடாது, அவற்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் நேரம் உண்டு என்று ஏற்பாடு செய்தோம்.

உணவைப் பற்றிய விசாரணையும் இதில் அடங்கும். அமெரிக்க உணவியல் வல்லுநரும் குடும்ப நல ஆலோசகருமான எல்லின் சாட்டர் ஒரு பொறுப்புப் பங்கீட்டை முன்வைத்திருக்கிறார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும், உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை தீர்மானிக்கும். அத்தைக்கு இது ஏற்கவில்லை. “தட்டுல மிச்சம் வைக்காதேன்னு சொல்லாம பிள்ளையை எப்படியம்மா வளர்க்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. உணவை வீணாக்குவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முடிவில், சின்னவள் தானே கொஞ்சமாக எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், வேண்டுமானால் மறுமுறை எடுக்கட்டும் என்பதில் இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

ஜூன் 22, ஞாயிறு

விசாரணை விலகியதும் இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பியவர் அத்தை. தம் தந்தை ஒரே ஆண்டில் இரண்டு வேலைகளை இழந்ததையும், மூன்றாவது வேலைக்குச் சேர இரவல் சட்டை அணிந்து போனதையும் சொன்னார். என் கணவரே கேட்டிராத கதை அது. வெற்றிக் கதைகளின்போது நெளியும் மகன் இதற்கு மட்டும் தொடர்ந்து கேள்வி கேட்டான். பெரியவர்களும் தடுமாறியவர்கள்தாம் என்று அறிவதில் பிள்ளைகளுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது போலும்.

எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும் இதையொட்டி 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கினார்கள். பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பன போன்ற கேள்விகள் அவை. விடை தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். ஆனால் விடைகளை மனப்பாடம் செய்வித்தால் பயன் இல்லை என்றும், அக்கதைகள் சொல்லப்படும் கூடுகைகளில்தான் விஷயம் இருக்கிறது என்றும் டியூக் எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கை எனக்குப் பட்டியலைவிட முக்கியமாகப் படுகிறது.

ஜூன் 28, சனி

எல்லோருக்கும் களைப்பு. யாரும் அதிகம் பேசவில்லை. பேசவைக்க நானும் முயலவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்பதும் பிள்ளைகளுக்கு ஒரு பங்கேற்புதான். ஹார்வர்டின் கேத்தரின் ஸ்னோவும் அவருடைய குழுவினரும் 1980-களின் இறுதியில் தொடங்கிய நீண்டகால ஆய்வில், உணவு வேளைப் பேச்சைப் பதிவு செய்து, அதில் வரும் அரிதான சொற்கள் குழந்தைகளின் மொழி வளர்ச்சிக்கு உதவுவதைக் கண்டார்கள். இன்று அத்தை தம் ஓய்வூதியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “சும்மா ஓய்வெடுக்கறதுக்கா பாட்டி காசு தர்றாங்க?” என்று சின்னவள் கேட்டாள். அதற்கு முறையாக விடை சொல்ல மூன்று பெரியவர்கள் தேவைப்பட்டார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

எதிர்த்தரப்பையும் எழுதிவைக்க வேண்டும். 2012-இல் கெல்லி மியூசிக், ஆன் மையர் ஆகிய இரு சமூகவியலாளர்கள் அமெரிக்க வளரிளம் பருவத்தினரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தார்கள். குடும்பத்தின் பொருள் வசதியையும், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே முன்பே இருந்த உறவின் தன்மையையும் கணக்கில் கொண்டால், சேர்ந்து உண்பதன் நன்மை என்று சொல்லப்படுவதில் கணிசமான பகுதி குறைந்துவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. மதிப்பெண் கூடும், மனச்சோர்வு தீரும் என்ற கணக்கோடு உட்கார்ந்தால், விரட்டிவிட்ட விசாரணை வேறு உருவில் திரும்பி வந்து அமரும்.

என்னை உறுத்துவது வேறொன்று. ஐவரும் சேர்ந்து உண்கிறோம் என்று சொன்னாலும், பரிமாறுவதற்காக நின்றுகொண்டிருந்தவள் நான்; உண்மையில் நால்வர்தாம் உண்டார்கள். சமைத்தவர் உட்காராத வேளையைக் குடும்ப உணவு என்று அழைக்க எனக்கு மனமில்லை. நாளை முதல் பாத்திரங்கள் எல்லாம் நடுவில் வைக்கப்படும். அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் வைப்பது சின்னவள், பாத்திரம் கழுவுவது மகனும் அவன் அப்பாவும். அடுத்த வாரம் கணவருக்கு இரவுப் பணி வருவதால், அந்த வாரம் மட்டும் காலை ஏழு மணிக்குச் சேர்ந்து உண்பதாகப் பேசியிருக்கிறோம். மகன் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.