5,400 சதுர அடி, அதாவது பாதி

"தம்பி, பாதின்னா பாதிதானே? இதுல என்ன குழப்பம்?"

2019-இல் ஒரு நாள் காலையில் டீச்சர் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்து கேட்டது இதைத்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். தென் சென்னையில் கணவர் எப்போதோ வாங்கிப் போட்ட 3 கிரவுண்டு இடத்தை ஒரு பில்டரிடம் ஜேவிக்குக் கொடுத்திருந்தார். அதாவது இடம் இவருடையது, கட்டும் செலவு பில்டருடையது, எழும்பும் வீடுகளில் ஆளுக்குப் பாதி. ஒப்பந்தத்தின் முதல் வரைவு பில்டர் பக்கமிருந்து வந்தது. டீச்சர் தரப்பில் அதைப் படித்துத் திருத்தியது, சீனியரிடம் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாத நான்.

அந்த வரைவில் 'ஓனர் அலொகேஷன்' (இடத்துக்காரரின் பங்கு) என்பதற்கு 5,400 சதுர அடி என்று மட்டும்தான் விளக்கம் இருந்தது. வெறும் எண்ணாக இருக்கிறதே, பேசியது பாதியாயிற்றே என்று நினைத்து, பக்கத்தில் 'பீயிங் 50 பர்சென்ட்' என்று சேர்த்தேன். தமிழில் சொன்னால் '5,400 சதுர அடி, அதாவது 50 சதவீதம்'. பில்டர் தரப்பு ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

2018-இல் கையெழுத்தானபோது அந்த இரண்டும் ஒரே விஷயம்தான். 3 கிரவுண்டு என்றால் 7,200 சதுர அடி. அப்போது சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5. ஆக 10,800 சதுர அடி கட்டலாம், அதில் பாதி 5,400. சரி. ஆனால் பிளான் போடுவதற்கு முன்பே 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்துவிட்டன, எஃப்எஸ்ஐ 2 ஆகிவிட்டது. அதே மனையில் இப்போது 14,400 சதுர அடி. பாதி என்றால் 7,200. எண்ணைப் பார்த்தால் 5,400. நடுவில் தொங்குகிற 1,800 சதுர அடி யாருக்கு? நான் பெருமையாகச் சேர்த்த 'அதாவது' இரண்டு பக்கமும் தலையாட்டுகிறது.

பில்டரை வில்லனாக்கிவிடுவது சுலபம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூடுதலாக வரும் 3,600 சதுர அடிக்கும் சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் அவர் கையிலிருந்துதான் போகிறது. 10,800-க்குக் கணக்குப் போட்டுத்தான் டீச்சருக்கு அட்வான்ஸும் கொடுத்திருந்தார். "மேடம், உங்களுக்கு எழுதிக் கொடுத்த அடியில ஒரு அடி குறைச்சேனா?" என்று அவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். டீச்சரோ, "பாதின்னுதானே எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து பேசினோம்" என்றார். பேசியது உண்மை. ஆனால் அப்போது அமலில் இருந்த 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, எழுத்தில் இருப்பதற்கு எதிராக ஹாலில் பேசியதைச் சாட்சியாகக் கொண்டுவர விடாது. விதிவிலக்குகள் உண்டு, அதற்குள் நுழைந்தால் கோர்ட்டில் வருடங்கள் போகும்.

உண்மையில் இந்தப் பாடத்தை நான் அதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். சட்டத்துக்கு வருமுன் ஒரு நிதி நிறுவனத்தின் வசூல் பிரிவில் கொஞ்ச நாள் இருந்தேன். தவணை தாண்டிப் பணம் கட்டுகிறவர் அசல் குறையும் என்று நினைத்துக் கட்டுவார். ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு மூலையில், வருகிற பணம் முதலில் கட்டணங்களுக்கு, அப்புறம் வட்டிக்கு, மிச்சம் இருந்தால் அசலுக்கு என்று இருக்கும். மாதக்கணக்கில் கட்டியும் அசல் நகரவே நகராது. ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60, 61 ஆகிய பிரிவுகள் இதற்குப் பக்கத்து விஷயத்தைப் பற்றியவை. ஒருவருக்கே பல கடன்கள் பாக்கி இருந்தால், இந்தப் பணம் இந்தக் கடனுக்கு என்று கட்டுகிறவர் முதலில் சொல்லலாம், அவர் சொல்லாவிட்டால் வாங்குகிறவர் முடிவு செய்யலாம், இருவருமே சும்மா இருந்தால் பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். கவுண்டரில் அப்படிச் சொல்லிக் கட்டிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கட்டின பணம் எதில் போய் உட்காருகிறது என்று கேட்கத் தெரிந்திருந்த நான், 50 சதவீதம் எதில் 50 என்று கேட்கவில்லை.

சரி, எஃப்எஸ்ஐயை விடுங்கள். அந்த 5,400-ஐயே எடுத்து மறுபடி படித்தபோது வயிற்றைக் கலக்கியது. எந்தச் சதுர அடி? கார்ப்பெட் ஏரியாவுக்கு 2016 ரெரா சட்டத்தில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) தெளிவான விளக்கம் இருக்கிறது. உள்ளே புழங்குகிற தளப் பரப்பு, அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் சேரும், வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, ஷாஃப்ட் சேராது. ஆனால் ஊரெல்லாம் விற்பது சூப்பர் பில்ட்அப் கணக்கில், அதற்கு அந்தச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாவற்றிலும் ஒரு பங்கை வீட்டின் தலையில் ஏற்றுகிறார்கள். 800 சதுர அடி வீட்டின் மேல் 200 ஏற்றினால் காகிதத்தில் 1,000. எஃப்எஸ்ஐ கணக்கில் எது சேரும், எது சேராது என்பது மூன்றாவது கணக்கு. எங்கள் ஒப்பந்தத்தில் 'சதுர அடி' என்பதோடு சரி. பில்டர் நினைத்திருந்தால் 5,400-ஐயும் சூப்பர் பில்ட்அப்பாகவே கொடுத்திருக்கலாம். அவர் நினைக்கவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

ஒரு வாரம் அந்த ஒப்பந்தத்தோடு குடும்பம் நடத்தினேன். கடைசியில் வழி கிடைத்தது விளக்கப் பகுதியில் அல்ல, யாரும் படிக்காத ஷெட்யூல் என்ற பின்னிணைப்பில். மனையில் டீச்சர் தனக்கு வைத்துக்கொள்வது 3,600 சதுர அடி யூடிஎஸ் (தனியாகப் பிரிக்காத நிலப் பங்கு), பில்டர் பவர் பத்திரத்தை வைத்து வாங்குவோருக்கு எழுதிக் கொடுக்கக்கூடியது மீதி 3,600 என்று அங்கே இருந்தது. நிலத்தில் சரிபாதி, அதில் எந்த 'அதாவது'வும் இல்லை. இப்போது பில்டர் சொல்கிறபடி டீச்சர் 5,400 சதுர அடி கட்டடத்தோடு நின்றால், பில்டர் 9,000 சதுர அடி கட்டடத்தை 3,600 சதுர அடி நிலத்தின் மேல் விற்க வேண்டும். 1,000 சதுர அடி வீடு வாங்குகிறவருக்கு வர வேண்டிய யூடிஎஸ் 500, கிடைப்பது 400. அதே மாடியில் டீச்சரின் 1,000 சதுர அடி வீட்டுக்கோ 667. வாங்குகிறவர் கடனுக்குப் போனால் பேங்க் வக்கீல் இதைக் கேட்காமல் விடமாட்டார், அதுவும் சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்கள் யூடிஎஸ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

சீனியர் இதை எடுத்துப் பேசினார். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், அதுதான் அன்றைக்கு எல்லாருக்கும் நல்லது. மூன்று முறை உட்கார்ந்து பேசியபின், தகராறான 1,800-ஐ இருவரும் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிந்தது. டீச்சருக்கு மொத்தம் 6,300 சதுர அடி, 14,400-இல் 43.75 சதவீதம். நிலத்தையும் அதே விகிதத்துக்குக் கொண்டுவந்து 3,150 வைத்துக்கொண்டு 450-ஐ விட்டுக்கொடுத்தார். பாதி கேட்டு வந்தவருக்கு 43.75. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை, ஆனால் அவர், "ஃபெயில் ஆகலியே, விடு தம்பி" என்றார்.

துணை ஒப்பந்தத்தை எழுத மறுபடி என்னிடமே கொடுத்தார் சீனியர். அது தண்டனையா நம்பிக்கையா என்று நான் கேட்கவில்லை. இந்த முறை சதவீதம்தான் மூலம், அது அனுமதி கிடைத்த பிளானின் எஃப்எஸ்ஐ பரப்பில் சதவீதம், எண் சும்மா இன்றைய கணக்குக்காக, இரண்டும் மோதினால் சதவீதமே செல்லும் என்று எழுதினேன். எந்த மாடி, எந்தப் பக்கம் என்று வீட்டு எண்ணோடு பிளானில் கலர் அடித்து இரு தரப்பிலும் கையெழுத்து. கார் நிறுத்தத் தூண்கள் மேல் விடும் ஸ்டில்ட்டையும் தரையையும் குழப்பாமல் மாடியை எங்கிருந்து எண்ணுவது என்றுகூட ஒரு வரி. அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கினால் யார் கட்டுவது, வருகிற பரப்பை எப்படிப் பிரிப்பது என்று ஒரு பாரா. பங்கு தெளிவாக இருப்பது வரிக்கும் முக்கியம். அன்றைய வருமான வரிச் சட்டத்தில் 2017-இல் சேர்த்த 45(5ஏ) பிரிவின்படி, ஓனரின் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடக் கட்டடம் முடிந்ததற்கான சான்றிதழ் வரும் நாளில் அவர் பங்கின் முத்திரைத்தாள் மதிப்பை எடுப்பார்கள். பங்கு எவ்வளவு என்றே தெரியாவிட்டால் எதற்கு மதிப்புப் போடுவது?

பதினோரு பக்கம் வந்தது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தார். 6,300-ஐ 14,400-ஆல் வகுத்து ஓரத்தில் எழுதிச் சரிபார்த்தார், 3,150-ஐயும்தான். ஒரு இடத்தில் எழுத்துப்பிழையைச் சுழித்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடி நாலாம் பக்கத்துக்குப் போனார்.

"தம்பி, நாம குடிபோன அப்புறம், கவர்மென்ட் மறுபடியும் சட்டத்தை மாத்தி இன்னொரு மாடி கட்டிக்கலாம்னு சொன்னா, அந்த மாடி யாருக்கு?"

நாலாம் பக்கத்தை நானும் பார்த்தேன். மொட்டை மாடி பொதுவானது என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டீச்சருக்குக் காபி சொல்லிவிட்டு சிஸ்டத்தில் அந்த ஃபைலை மறுபடி திறந்தேன்.