2011இல் வாங்கிய கணினிக்கு வேறு பிராசஸர்

2011ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கிய மேசைக் கணினி இன்றும் என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருந்தது இன்டெல் கோர் ஐ3-2100 பிராசஸரும் எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டும். இடையில் ராமை 8 ஜிபியாக உயர்த்தியதையும் எஸ்எஸ்டி போட்டதையும் தவிர, வேறு எதையும் நான் மாற்றவில்லை. கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் அது போதுமானதாகவே இருந்தது. தாத்தா சேர்த்துவைத்துவிட்டுப் போன பழைய அச்சு நூல்களை ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்னும் எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு அவற்றைத் தேடக்கூடிய உரையாக மாற்றத் தொடங்கிய பிறகுதான் பிராசஸரின் போதாமை தெரிந்தது. ஒரு நூலை ஓடவிட்டால், அது முடியும்வரை அந்தக் கணினியில் வேறு வேலை எதையும் நிம்மதியாகச் செய்ய முடியவில்லை.

ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே படிக்கப்படுவதால், ஒரே நேரத்தில் பல பக்கங்களை ஓடவிடலாம் என்பது இந்த வேலையில் உள்ள வசதி. ஆகவே எனக்குத் தேவைப்பட்டது கூடுதல் கோர்கள், அதாவது பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள். ஐ3-2100இல் இருப்பவை 2 கோர்கள், 4 திரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச்சரங்கள்). போர்டில் பிராசஸர் அமரும் அதே எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் பொருந்தும் ஐ7-3770இல் 4 கோர்கள், 8 திரெட்டுகள். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்னும் விரைவு நினைவகமும் 3 எம்பியிலிருந்து 8 எம்பியாகிறது. சென்னை ரிச்சி தெருவில் கழற்றி விற்கப்படும் பழைய பிராசஸர்களுள் ஒன்றை வாங்கினேன். மதர்போர்டு, ராம், பிராசஸர் மூன்றையும் புதிதாக வாங்கினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

மாட்டினேன். மின்விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது.

அன்று மாலை முழுவதும் பிராசஸர் கெட்டுப்போனது என்றே நம்பி வருந்தினேன். உண்மையில் தவறு நான் படிக்காமல் விட்ட ஒரு நெடுவரிசையில் இருந்தது. மதர்போர்டு நிறுவனம் தன் தளத்தில் வெளியிட்டிருக்கும், போர்டில் இயங்கும் பிராசஸர்களின் பட்டியலில் ஐ7-3770 இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தேனே தவிர, அதன் பக்கத்திலேயே எந்தப் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) பதிப்பிலிருந்து அது இயங்கும் என்று குறித்திருந்ததைப் பார்க்கவில்லை. ஐ3-2100 இரண்டாம் தலைமுறை. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை, 2012 ஏப்ரலில் வந்தது. 2011இல் தயாரான என் போர்டின் பயாஸுக்கு அப்படியொரு பிராசஸர் இருப்பதே தெரியாது. சாக்கெட் பொருந்துவது ஒன்று, போர்டு அந்தப் பிராசஸரை அடையாளம் காண்பது வேறு. எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் இது இன்னும் மோசம்: ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான போர்டுகளில் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பிராசஸர்கள் அளவில் கச்சிதமாக உட்காரும், ஆனால் நிறுவனம் தரும் எந்தப் பயாஸைப் போட்டாலும் இயங்கமாட்டா.

ஆக, பழைய ஐ3யை மீண்டும் மாட்டி, பென் டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பித்தேன். பாதியில் மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப் போகக்கூடும் என்பதால், யூபிஎஸ் முழுதாகச் சார்ஜ் ஆகும்வரை காத்திருந்தே அதைத் தொடங்கினேன். பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே இதைச் செய்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

பிராசஸரின் மேல் அமர்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் பல ஆண்டுகள் ஆனால் காய்ந்து பசைபோலப் பிடித்திருக்கும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பின் அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்கை மெதுவாக இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும்; நேராக மேலே இழுக்கக் கூடாது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 போன்ற சாக்கெட்டுகளில் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருப்பதால், நேராக இழுத்தால் பூட்டியிருக்கும் பிராசஸரே ஹீட்சிங்கோடு சேர்ந்து வந்து ஊசிகள் வளைந்துவிடக்கூடும். என்னுடையது போன்ற எல்ஜிஏ வகையில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. அங்கே ஒரு திருகாணி தவறி விழுந்தாலும் ஊசிகள் வளைந்து போர்டு பாழாகிவிடக்கூடும். பிராசஸரின் விளிம்பில் உள்ள இரண்டு வெட்டுகளைச் சாக்கெட்டின் மேடுகளோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தாலே அது தானாக அமர்ந்துகொள்ளும். பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, புதியதை ஒரு பட்டாணி அளவுக்கு நடுவில் வைத்தேன். ஐ3யின் வெப்ப அளவு 65 வாட், ஐ7-3770இன் அளவு 77 வாட் என்பதால், பழைய சிறிய ஹீட்சிங்கை நம்பாமல் சற்றுப் பெரியதையே வாங்கிப் பொருத்தினேன்.

இப்போது ஒரே நேரத்தில் நான்கு பக்கங்களை ஓடவிடுகிறேன். முன்பு ஒரு மாலை முழுவதையும் தின்ற நூல் இரவு உணவுக்குள் முடிந்துவிடுகிறது. இதற்கும் எல்லை உண்டு. டெசராக்ட் போன்ற மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்ளும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடுபவை) 2013இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் இன்டெல் பிராசஸர்களில் சேர்ந்தன. என்னுடையதில் அவை இல்லை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த தகுதியும் இதற்கு இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. நான் லினக்ஸில் இருப்பதால் அது என்னைப் பாதிக்கவில்லை. விண்டோஸ் இன்றி ஆகாதவர்கள் இந்த வயதுக் கணினிக்குப் பிராசஸர் வாங்குவது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

கழற்றிய ஐ3 நல்ல நிலையில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் பாடம் படிக்கும் கணினியில் இருப்பது செலரான் ஜி530 என்னும், இதைவிடத் திறன் குறைந்த இன்டெல் பிராசஸர். அதன் போர்டும் எச்61தான், இரண்டு பிராசஸர்களும் இரண்டாம் தலைமுறை. பட்டியலில் பயாஸ் பதிப்பு நெடுவரிசையை இந்த முறை முதலில் பார்த்துவிட்டேன். பயாஸைத் தொட வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.