தொப்புள்கொடி ரத்தத்தின் தரம் பிரசவ அறையிலேயே முடிவாகிறது

வேலூரில் ஸ்டெம் செல் ஆய்வகம் ஒன்றில் பல வருடங்களாக டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். தொப்புள்கொடி ரத்தத்தில் புதிய ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பதால், பின்னால் சிகிச்சைக்கு உதவும் என்று சில பெற்றோர் அதை அதற்கான வங்கிகளில் சேமிக்கிறார்கள். அப்படிச் சேமித்ததற்கான சான்றிதழை யாராவது என்னிடம் நீட்டினால், எனக்குள் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: குழந்தை பிறந்த அந்தச் சில நிமிடங்களில் பைக்குள் எவ்வளவு ரத்தம் இறங்கியது? மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்த பிறகு எந்த வங்கியாலும் ஒரு ரத்த அணுவைக்கூடக் கூட்ட முடியாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவே.

பிரசவ அறையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொடியைக் கிளாம்ப் போட்டு வெட்டியதும், நீலம் பாரித்துப் புடைத்திருக்கும் சிரையில் நர்ஸ் ஊசியைச் செலுத்துவார். ரத்தம் தன் கனத்திலேயே இறங்குவதற்காகப் பையைத் தாழ்த்திப் பிடித்து, உறையாமல் காக்கும் மருந்து நன்றாகக் கலக்கும்படி மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பார். அசைக்கும் கை ஓய்ந்தால் கட்டி தட்டிவிடும். கட்டிக்குள் சிக்கிய அணுக்கள் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. கிளாம்ப் போடுவதை ஒரு நிமிடமாவது தள்ளிவைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இங்கே கணக்கில் வருகிறது. தாமதிக்கும் ஒவ்வொரு விநாடியும் ரத்தம் குழந்தைக்குள் போகிறது, பைக்கு வருவது குறைகிறது. குழந்தைக்குச் சேரவேண்டியது குழந்தைக்குப் போகட்டும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பை மெலிந்திருக்கும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும்.

அடுத்தது பயணம். குடியாத்தத்திலோ ஆரணியிலோ பிறக்கும் குழந்தையின் பை, பதப்படுத்தும் இடத்துக்குப் போய்ச் சேரச் சில நேரம் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடுகிறது. பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பதப்படுத்தி உறையவைத்தாகவேண்டும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊர் அக்னி நட்சத்திர நாட்களில், ஒழுங்காக அடைக்காத பெட்டி ஒன்று காருக்குள் கொஞ்ச நேரம் நின்றாலே அணுக்கள் மடியத் தொடங்கும். வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்தவுடன் வெப்பப் பதிவுக் கருவியைத்தான் நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

சான்றிதழில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உட்கரு கொண்ட அணுக்களின் மொத்த எண்ணிக்கை. அதுவும் உறையவைப்பதற்கு முன் எடுத்தது. அந்தக் கூட்டத்தில் மாற்று சிகிச்சைக்கு உண்மையில் உதவும் ஸ்டெம் செல்கள், அதாவது சிடி34 என்ற அடையாளம் உள்ளவை, நூற்றில் ஒன்றுகூட இரா. உருக்கிய பிறகு அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, உயிரோடு இருப்பவை பெருகுமா என்பவைதான் நோயாளியைப் பாதிக்கும் கேள்விகள். பையோடு ஒட்டியே உறையவைத்திருக்கும் சிறு குழாய்த் துண்டை வெட்டியெடுத்து இதைச் சோதிக்கலாம். உருக்கிய துளியில் நீலச் சாயம் கலந்தால் செத்த அணுக்கள் நீலமாகும், உயிருள்ளவை வெளுப்பாகவே நிற்கும். மீதியை, ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சியைப் போன்ற கெட்டியான வளர்ப்பு ஊடகத்தில் விட்டு 14 நாட்கள் வைப்போம். வளரும் தன்மை உள்ளவை கொத்துக் கொத்தாகத் திரளும். சிவப்பணுக்களைத் தருகிற கொத்துகள் நுண்ணோக்கியில் செந்நிறத் திட்டுகளாகத் தெரியும். இந்தப் பரிசோதனையின் முடிவு இல்லாத சான்றிதழை நான் பாதிச் சான்றிதழாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள மூத்த மகனுக்காக, மகள் பிறந்தபோது சேமித்த பையின் காகிதத்தோடு வந்தார். "மேடம், இதுல அறுபது கோடின்னு போட்டிருக்கே, போதாதா?" என்றார். உடன்பிறந்தவர்களின் திசு முழுவதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. இவர்களுக்கு அது பொருந்தியிருந்தது, மகளுக்கு நோயும் இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு நோயாளியின் எடையில் கிலோவுக்கு 2.5 கோடி அணுக்களாவது வேண்டும் என்பது பரவலான கணக்கு. தலசீமியாவில் புதிய அணுக்களை உடல் தள்ளிவிடும் அபாயம் கூடுதல் என்பதால் டாக்டர்கள் 3.5 கோடி கேட்பார்கள். மகள் பிறந்தபோது பையனுக்கு 12 கிலோ, 42 கோடி போதும். இப்போது 22 கிலோ, 77 கோடி வேண்டும். பையில் உள்ளது வளராது. பையன் வளர்ந்துவிட்டான். இதைப் பணம் வாங்கியபோது யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

பையனின் சொந்தக் கொடி ரத்தத்தைச் சேமித்திருந்தாலும் உதவியிருக்காது; அதே மரபணுக் குறை அதற்குள்ளும் இருக்கும். பிள்ளைக்கு எடுக்கும் காப்பீடு என்று சொல்லித் தனியார் வங்கிகளில் சேமிக்க வைப்பதை இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகமும் 2018-இல் பரிந்துரைக்கவில்லை. உடன்பிறந்த ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே நோய் இருக்கும்போது சேமிப்பது வேறு விஷயம். 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மன் குழு செய்த உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றும் ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் உள்ள ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தைக் கொண்டுதான் நடந்தது. இதே வகை ஸ்டெம் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துச் செலுத்தும் மஜ்ஜை மாற்று வேலூரில் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1986-இல், தொடங்கியிருந்தது. இன்று பாதிப் பொருத்தம் உள்ள தாய் தந்தையரிடமிருந்தே செல்களை எடுத்துச் செலுத்தும் முறை பரவிவிட்டதால் கொடி ரத்தத்தின் தேவை குறைந்திருக்கிறது. இருப்பினும் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அது இன்னும் பயன்படும்.

அவருடைய வங்கியிடம் குழாய்த் துண்டைக் கேட்டு வாங்கிச் சோதித்தோம். உயிருள்ள அணுக்கள் போதுமான அளவு இருந்தன, 14-ஆம் நாள் கொத்துகளும் திரண்டிருந்தன. தங்கையும் மஜ்ஜை கொடுக்கும் அளவுக்கு இப்போது எடை கூடியிருக்கிறாள். பையில் இருப்பதோடு அவளிடமிருந்து கொஞ்சம் மஜ்ஜையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து அண்ணனுக்குச் செலுத்துவதாக டாக்டர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.