பதக்கத்தின் விளிம்பில் தாத்தாவின் எண்

இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய தாத்தாவைப் பற்றித் தேட வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு சீருடைப் படம், நான்காக மடித்த டிஸ்சார்ஜ் சான்றிதழ், துணியில் முடிந்த இரண்டு மூன்று பதக்கங்கள் இருக்கும். "பர்மாவில் சண்டை போட்டவர், கேப்டனாக இருந்தவர்" என்ற பேச்சும் கூடவே வரும். பேச்சைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு முதலில் பதக்கத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்தப் போருக்கான பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கு வந்தவற்றில் பலவற்றில் படைவீரர் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வட்டப் பதக்கமானால் விளிம்பைப் பாருங்கள், நட்சத்திரமானால் பின்பக்கத்தை. எழுத்து தேய்ந்திருந்தால் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டு, போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் தெளியும். புளியோ பிராஸோவோ போட்டுத் தேய்க்கவே கூடாது. பொறிப்பு ஆழமில்லாதது, ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் கரையும். ரிப்பனை நம்பிப் பதக்கம் எதுவென்று முடிவுகட்ட வேண்டாம், வீட்டில் யாராவது மாற்றிக் கோத்திருப்பார்கள். எந்த நட்சத்திரம் என்பது அதன் நடுவளையத்திலேயே எழுதியிருக்கும்.

பர்மா ஸ்டார் என்ற நட்சத்திரப் பதக்கம் இருந்தால் துப்பாக்கி பிடித்துச் சண்டையிட்டார் என்று பொருளில்லை. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அது உண்டு. வார் மெடலுக்கு 28 நாள் பணியே போதும். காவி, வெள்ளை, பச்சை ரிப்பனில் இந்தியச் சுதந்திரப் பதக்கம் இருந்தால், 1947 ஆகஸ்ட் 15 அன்றும் அவர் சீருடையில் இருந்திருக்கிறார்.

விளிம்பில் 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி' (சரக்கும் வண்டியும் கவனித்த ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்) என்றோ 'பயனியர்' (சாலை போடுவது போன்ற உடலுழைப்புப் பணிகளைச் செய்த படை) என்றோ இருந்தால் பேரன் பேத்திகளின் முகம் வாடுவதுண்டு. வாட வேண்டியதில்லை. அன்று மணிப்பூரின் இம்பால் போர்முனைக்கு ரயில் நாகாலாந்தின் திமாப்பூர் வரைதான். அங்கிருந்து கோஹிமா வழியாக இம்பால் வரை மலைச்சாலைதான். அரிசியும் பெட்ரோலும் பீரங்கிக் குண்டும் அதன் வழியே லாரியில் போயின. மழையில் மண் சரிந்தால் மண்வெட்டியோடு நின்றவர்கள் பயனியர்கள். 1944இல் ஜப்பானியர் துண்டித்த அந்தச் சாலை ஜூன் 22 அன்று மீண்டும் திறந்தபிறகுதான் இம்பாலின் முற்றுகை முடிந்தது. ஓட்டுநரை ஓட்டுநர் என்றே சொல்லுங்கள், அதுவே அவருக்குப் பெருமை. கேப்டனுக்குக் கீழான பதவியில் இருந்த ஜமேதாரைக் கேப்டனாக்கினால் பதிவேட்டில் அவர் அகப்படவே மாட்டார்.

சாதாரண வீரர்களின் பணிப்பதிவு அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படை என்றால் பெங்களூரு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கேட்பது நல்லது. கடிதத்தில் எண்ணை முதலில் எழுதுங்கள். பிறகு பதக்கத்தில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் பெயர், தந்தை பெயர், கிராமம், தாலுகா. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் பழனிசாமி 'பல்னி சாமி' ஆகியிருக்கலாம். மாவட்டத்திலும் பலர் தவறுகிறார்கள். விழுப்புரம் மாவட்டம் 1993இல் பிறந்தது. பழைய ஏட்டில் தென்னாற்காடுதான் இருக்கும். போளூர்க்காரர் என்றால் வடாற்காடு.

போரில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களே அதில் உண்டு, உயிரோடு திரும்பியவர்களுக்கு அங்கே இடமில்லை. பெயரால் கிடைக்காவிட்டால் படைப்பிரிவையும் ஆண்டையும் கொடுத்து வரிசையாகப் படியுங்கள். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். பர்மாவில் உடல் கிடைக்காமல் போனவர்கள் தௌக்யான் கல்லறைத் தோட்டத்து ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கலாம். அதில் ஏறக்குறைய 27,000 பெயர்கள்.

தாத்தா 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சிறைப்பட்டு, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவரென்றால் தடம் இரண்டாகப் பிரியும். முன்பகுதிக்குப் படைப்பிரிவு, பின்பகுதிக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகமும், தியாகி ஓய்வூதியம் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பும்.

சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் பழைய தாளோடு ஒட்டிவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. மடிப்பில் கிழிந்திருந்தாலும் செல்லோடேப் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகி எழுத்தை மறைக்கும். தட்டையாக விரித்து, அமிலமில்லாத தாளுறையில் வைத்து, இரும்புப் பெட்டிக்கு வெளியே உலர்ந்த இடத்தில் வையுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும்.