காரைக்குடியில் வாங்கிய கறுத்த கத்தி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பர்மா தேக்குத் தூண்களையும் எனாமல் தூக்குவாளிகளையும் தேடிப் போகிறார்கள். நான் போனது ஒரு கத்திக்காக. என் அப்பத்தாவின் பழைய கத்தியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெருவில் வந்த சாணைக்காரர் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். மோட்டார் சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்து அவர் திருப்பித் தந்தபோது, விளிம்பு நெடுக மயில்கழுத்து நீலம் ஓடியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, உலையில் ஏற்றிய பதம் இறங்கிவிட்டதன் அடையாளம் அந்த நீலம் என்பது, ஒரே வாரத்தில் அது தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

மூன்றாவது கடையில், பித்தளைக் கரண்டிகளுக்கு அடியில் ஏழெட்டுக் கத்திகள் கிடந்தன. இரும்பா எவர்சில்வரா என்று பார்க்கச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த காந்தத்தை எடுத்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "காந்தம் எதுக்குண்ணே, எவர்சில்வர் கத்தியுந்தான் ஒட்டும்" என்றவர், பக்கத்து டீக்கடையிலிருந்து எலுமிச்சைத் துண்டொன்றை வாங்கிவரச் செய்து அலகில் ஒரு சொட்டுப் பிழிந்தார். நான் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அந்த இடம் சாம்பல் நிறமாகிவிட்டது. குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் கலந்த எவர்சில்வர் இப்படி நிறம் மாறாது. அந்த உலோகக் கலவையை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருக்கியதே 1913இல்தான். அதற்கு முன்பு ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன நகரத்தார் ஊருக்கு வாங்கிவந்த கத்திகளெல்லாம் துருப்பிடிக்கிற ரகமாகத்தான் இருந்திருக்கும்.

அலகு கறுத்திருப்பது குறையல்ல. கூர் ஓரத்தில் துரு தின்ற குழி இருக்கிறதா, கைப்பிடியின் பித்தளை ஆணிகளுக்கிடையே அலகு ஆடுகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தேன். கைப்பிடி லேசாகப் பிளந்திருந்த ஒன்றை, எழுநூறில் தொடங்கிய பேரத்துக்குப் பின் 450 ரூபாய்க்கு வாங்கினேன்.

அன்றிரவு தங்கிய கானாடுகாத்தான் வீட்டில் அடுப்படிக்கு எதிரே உட்கார்ந்து ஆச்சி வாழைப்பூ அரிந்துகொண்டிருந்தார். அவருடைய அரிவாள்மனையின் அலகு ஈயம் போலக் கறுத்து, விளிம்பில் மட்டும் வெள்ளைக் கோடாக மின்னியது. ஒவ்வொரு பிடி அரிந்ததும் மடியிலிருந்த துணியால் வழித்துத் துடைத்துவிட்டு, அரிந்ததை மோரில் போட்டார். என் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "செவப்பு வந்தாத்தான் துரு தம்பி, கறுப்பத் தேச்சுறாதீக" என்றார். வாழைப்பூவின் துவர்ப்பும் புளி, வெங்காயத்தின் சாறும் இரும்போடு சேர்ந்து படியும் அந்தக் கறுப்புத்தான் அடுத்த துருவைத் தாமதப்படுத்துகிறது. பளபளவென்று தேய்த்த அலகில் அரிந்தால் பூவும் கறுக்கும், அலகும் கறுக்கும்.

இவ்வளவு கேட்ட பின்னும் ஊர் திரும்பி ஒரு தவறு செய்தேன். கைப்பிடியோரம் தெரிந்த சிவப்பைப் போக்கக் கத்தியைப் புளிக்கரைசலில் இரவு முழுக்க ஊறப் போட்டேன்; காலையில் துருவோடு எஃகும் அரித்துக் கடுகளவு குழிகள் விழுந்திருந்தன. கால் மணி நேரம் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்திருந்தாலே போதும். கைப்பிடி தண்ணீரில் மூழ்கியிருக்கவே கூடாது.

இப்போது அரிந்த கையோடு கழுவி, துணியால் ஒற்றி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். பல வாரம் எடுக்காமல் வைப்பதென்றால் சமையல் எண்ணெய் பிசுக்குப் பிடித்துவிடும், அதற்கு உணவுக்குகந்த மினரல் ஆயில் நல்லது. மாதமொருமுறை நனைத்த சாணைக்கல்லில், அலகை 15 முதல் 20 பாகைக்குள் சாய்த்து, கையால்தான் தீட்டுகிறேன். முதல் முறை தீட்டிய அன்றே தக்காளியைத் தாள் போலச் சீவியது. பிளந்த கைப்பிடியை மட்டும் இன்னும் மாற்றவில்லை. தச்சர் வேம்பு என்கிறார், எனக்குத் தேக்கில்தான் கண்.