கச்சேரியில் என் இடம் மிக்ஸர் பக்கம்

பெரிய மைதானத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்கு முதல்முறையாகப் போகிறேன், எங்கே நிற்கலாம் என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்துக்கு நடுவில், கம்பித் தடுப்புக்குள் சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரோடு, அதாவது எல்லா மைக், வாத்தியச் சத்தத்தையும் தன் காதால் கேட்டுக் கலந்து சரிசெய்யும் பலகையோடு நிற்பாரே, அந்தத் தடுப்பை ஒட்டிப் போய் நின்றுகொள்ளுங்கள். முன்வரிசைக்கு அடித்துப்பிடித்து ஓடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அபிமானப் பாடகரின் நெற்றியில் வேர்வை வழிவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பெரிய சந்தோஷம்தான், ஆனால் அது கண்ணுக்குக் கிடைக்கும் சந்தோஷம். பாட்டை முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் பின்னால் வரத்தான் வேண்டும்.

உயரத்தில் தொங்கும் பெரிய ஸ்பீக்கர் வரிசையின் சத்தம் பெரும்பாலும் முன்வரிசைக்காரர் தலைக்கு மேலேயே போய்விடும். அவருக்குக் கிடைப்பது மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸ், கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், அப்புறம் மேடை விளிம்பில் வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டு காதைக் கிழிக்கும், குரலோ அடியில் போய்விடும். ஓரமாக நின்றால் வேறு தொல்லை. மேடையின் இரண்டு பக்கமும் சப்வூஃபர், அதாவது கனமான கீழ்ஸ்தாயி ஒலிக்கான ஸ்பீக்கர், அடுக்கியிருந்தால், நடுவில் நிற்பவருக்கு இரண்டின் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து நெஞ்சிலேயே இடிக்கும். சற்று விலகினால் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாலடி நகர்ந்ததும் பேஸ் கிடாரில் சில சுரங்கள் மட்டும் காணாமல் போவது இதனால்தான்.

ரொம்பப் பின்னாலும் போக வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும், அதனால் 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம். திரையில் டிரம்மரின் குச்சி விழுந்து எழுந்த பிறகுதான் அடி கேட்கும். கூட்டத்துக்கு நடுவே கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர்களைப் பார்த்திருப்பீர்கள், அவற்றுக்குப் போகும் சத்தத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் விடுவார்கள், இல்லையென்றால் மேடையிலிருந்து வரும் சத்தம் பின்னால் வந்து எதிரொலிபோலக் குழப்பும்.

மிக்ஸர் பக்கம் நிற்பதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அந்த இன்ஜினியரின் கையைப் பார்ப்பது. நல்ல இன்ஜினியருக்குப் பாட்டு மனப்பாடம். பாடகர் குரலை இறக்கி மெல்லப் பாடும் இடத்துக்கு ஒரு கணம் முன்பே விரல் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை, மேலே தள்ளிவிடும், உச்சஸ்தாயி வரப்போகிறது என்றால் மெதுவாகக் கீழே வரும், கிடார் தனியாக வாசிக்கும் இடத்தில் அதைத் தூக்கிவிட்டு முடிந்ததும் இறக்கிவிடும். கூட்டத்தில் யாருக்கும் இது தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அவருடைய திறமை. முதல் இரண்டு பாட்டில் சத்தம் கலங்கலாக இருந்தால் உடனே சலித்துக்கொள்ளாதீர்கள். அரங்கத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சி என்றால், நிகழ்ச்சிக்கு முன்பு சவுண்ட் செக் என்று ஒலியைச் சோதித்துப் பார்த்தபோது அரங்கம் காலி. ஆட்கள் நிரம்பியதும் அத்தனை உடம்பும் துணியும் ஒலியை, அதிலும் மேல்ஸ்தாயி ஒலியை, உறிஞ்சிவிடும். அதையெல்லாம் சரிக்கட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும்.

சத்தம் சரியாகக் கேட்காத இந்தப் பாடு மேடையில் இருப்பவர்களுக்கும் உண்டு. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள், ரசிகர்கள் போட்ட கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை, ஏனென்றால் வாசிப்பவர் தன் சத்தத்தைக் கேட்க அவர் பக்கம் திருப்பி வைக்கும் மேடை மானிட்டர் ஸ்பீக்கர், இன்றைக்குச் சாதாரணம், அன்றைக்கு இல்லை. அடுத்த ஆண்டே சுற்றுப்பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். 1974-இல் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு வேறு வழி பிடித்தது, மலைபோல் ஸ்பீக்கர்களை அடுக்கித் தங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்தியது. கூட்டத்துக்குக் கேட்பதுதான் வாசிப்பவருக்கும் கேட்கும். ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறி ஊளையிடாமல் இருக்க ஆளுக்கு இரண்டு மைக், இரண்டையும் எதிரெதிராக இணைத்து, ஒன்றில் மட்டும் பாடினார்கள். இரண்டிலும் விழும் சத்தம் தன்னால் அழிந்து குரல் மட்டும் மிஞ்சும். இதை முதலில் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது எனக்கு. ரசிகன் காதில் என்ன விழுகிறது என்று இவ்வளவு அக்கறைப்பட்டவர்கள்!

அந்த அக்கறை நமக்கும் நம் காது மேல் இருக்க வேண்டும். வேலையிடங்களுக்காக அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நயாஷ் (NIOSH) சொல்லும் கணக்கில், 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே ஏற்றிக்கொண்டு போனால் 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன வரம்பும் சராசரி 100 டெசிபல்தான், ஆனால் நிகழ்ச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகுமே! அதனால் இயர்பிளக் இல்லாமல் நான் உள்ளே போவதில்லை. பஞ்சுபோல் அமுங்கும் ஃபோம் வகை மேல்ஸ்தாயியை அதிகம் வெட்டிவிடும், பாட்டு போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். இசைக்கலைஞர்கள் போடும் ஃபில்டர் வைத்த வகையை வாங்குங்கள், அது எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டின் வார்த்தைகள்கூட முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். உள்ளே போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், காது இரைய ஆரம்பித்த பிறகு போட்டு அவ்வளவாகப் பயனில்லை. குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களுக்குக் காதை முழுசாக மூடும் இயர்மஃப் கட்டாயம் மாட்டிவிடுங்கள், ஸ்பீக்கர் பக்கம் மட்டும் அவர்களை விடவே விடாதீர்கள்.